இருபத்தெட்டு கேம் இலவசம்

சட்டத்தின் கண்ணில் வீடியோ கேம் என்பது இலக்கியம்.

சிரிக்காதீர்கள். நமது காப்பிரைட் சட்டம் 1957-ம் வருடத்தது. அதில் 1984-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, 'இலக்கியப் படைப்பு' என்பதற்குள் கம்ப்யூட்டர் புரோகிராமையும் சேர்த்தார்கள். கேம் என்பது அடிப்படையில் புரோகிராம்தானே? ஆகவே, நீங்கள் மதிக்கிற நாவலும் உங்கள் பையன் ராத்திரி பதினொரு மணிக்குக் கார் மோதி விளையாடுகிற சமாசாரமும் ஒரே அலமாரியில் உட்கார்ந்திருக்கின்றன. கவிதை எழுதுகிற நண்பர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

அவர்கள் கோபம் இருக்கட்டும். செல்போன் சர்வீஸ் கடைகளில் 'இங்கு கேம் ஏற்றித் தரப்படும்' என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாசகத்தை அப்படியே 'இங்கு நாவல் ஜெராக்ஸ் எடுத்து விற்கப்படும்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். இரண்டும் சட்டப்படி ஒன்றுதான். ஆனால் இரண்டாவது போர்டை யாரும் மாட்ட மாட்டார்கள். முதல் போர்டுக்கு எல்.ஈ.டி. விளக்கு போட்டிருக்கிறார்கள்.

நமக்கு இது பழகிப்போன விஷயம். தொண்ணூறுகளில் டிவியில் சொருகி விளையாடிய கேசட் ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் கலரில் இருக்கும். '9999 இன் 1' என்று ஸ்டிக்கர். உள்ளே உண்மையில் இருப்பது பத்தோ பதினைந்தோ ஆட்டம். மீதியெல்லாம் அதே ஆட்டம், வேறு பெயரில். ஒன்றில் ஹீரோவுக்கு மூன்று உயிர், இன்னொன்றில் முப்பது உயிர். ஒன்று முதல் லெவலில் தொடங்கும், இன்னொன்று நேராக ஐந்தாவதில். யாரோ ஒருவர் ஒரிஜினல் ஆட்டத்தைப் பிரித்து, இரண்டு எண்களை மாற்றி, மறுபடி மூடி விற்றிருக்கிறார். அப்போது அதை நாம் கலப்படம் என்று நினைக்கவில்லை. முப்பது உயிரா, ஆஹா என்றுதான் நினைத்தோம்.

அப்புறம் சிடி வந்தது. வைஸ் சிட்டி என்று ஒரு கார் திருட்டு கேம், 2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதே கேம், ஆட்களின் உடையும் பின்னணிப் பாட்டும் மாறி, பஞ்சாப் பெயர் சூட்டப்பட்டு வட இந்தியக் கடைகளில் விற்றது. நம் பக்கம் கிரிக்கெட்தான். ஈஏ ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் 'கிரிக்கெட் 07' வெளியிட்டது. அந்த வரிசையில் அதுவே கடைசி. 2008-ல் ஐபிஎல் பிறந்தபோது நம் பையன்களிடம் ஐபிஎல் இருந்தது, கேம் இல்லை. சும்மா இருப்பார்களா? பழைய கேமைத் திறந்து இங்கிலாந்து சட்டையைக் கழற்றி மஞ்சள் சட்டை மாட்டினார்கள். தோனிக்கு நீளமுடிகூட வைத்தார்கள். இதற்குப் 'பேட்ச்' என்று பெயர். ரசிகர்கள் ராத்திரி கண்விழித்துச் செய்து இலவசமாகக் கொடுத்தது. வருடா வருடம் ஏலம் முடிந்ததும் புது பேட்ச். கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? பேட்ச்சையும் ஒரிஜினல் கேமையும் சேர்த்து ஒரே டிஸ்க்கில் எழுதி, அட்டையில் 'ஐபிஎல் கிரிக்கெட்' என்று போட்டு விற்றார்கள். கேம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, ஐபிஎல் என்ற பெயர் கிரிக்கெட் வாரியத்துடையது. கல்லாப் பெட்டி மட்டும் கடைக்காரருடையது.

இவ்வளவும் பொதுக்கதை. இனி எங்கள் வீட்டுக் கதை.

என் தங்கையை விழுப்புரத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். பையன் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் கேம் பெட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பையன் எடுத்துத் தொலைத்துவிட்டான். தங்கை சீட்டுப் பணத்தில் கைவைத்து, திண்டிவனத்தில் ஒரு கடையில் பதினோராயிரத்துக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கினார்கள். பெட்டியின் கம்பெனி எதற்கு, விடுங்கள். கடையின் பெயரும் வேண்டாம். பெட்டியோடு ஒரு ஹார்ட்டிஸ்க், அதில் இருபத்தெட்டு கேம். "எல்லாம் ஃப்ரீ அண்ணே, ஜெயில்பிரேக் பண்ணது" என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாவது மாதம், பெட்டி இன்டர்நெட்டில் அப்டேட் கேட்டது. பையன் சரி என்று அமுக்கினான். முடிந்தது கதை. இருபத்தெட்டில் ஒன்றும் திறக்கவில்லை. போட்ட பூட்டைக் கடைக்காரர் உடைத்திருந்தார். கம்பெனி புதுப் பூட்டு போட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் இருந்தேன். மாப்பிள்ளை கொதித்துப் போயிருந்தார்.

"வாங்க மச்சான், திண்டிவனம் போலாம். பணத்தக் குடுன்னா குடுக்கட்டும். இல்லாட்டி நேரா ஸ்டேஷன்தான்."

"ஸ்டேஷன்ல என்னன்னு எழுதிக் குடுப்பீங்க மாப்பிள்ளை?"

"ஏமாத்திட்டான்னு."

"என்னத்த வித்து ஏமாத்தினான்?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பெட்டியைக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி டோல்கேட் எல்லாம் தாண்டி நாற்பது கிலோமீட்டர். அந்த வழியில்தான் என் பி.காம். படிப்பு எனக்கு உபயோகப்பட்டது. இருபத்தைந்து வருடம் கழித்து!

மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. 1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டம் அதில் வரும். சாரம் ஒரு வரிதான்: தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. திருட்டு சைக்கிளை எத்தனை கை மாற்றினாலும் அது சொந்தக்காரரின் சைக்கிள்தான். சைக்கிளுக்குச் சுலபமாகப் புரிகிறது. கேமுக்கு ஏன் புரியவில்லை என்றால், நகல் எடுத்த பிறகும் ஒரிஜினல் அங்கேயே இருக்கிறது. எதுவும் காணாமல் போகவில்லை. காணாமல் போகாத பொருளைத் திருடியதாக நம் மனசு ஒப்புக்கொள்வதில்லை.

அதே பேப்பரில் 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டமும் வரும். 23-வது பிரிவு. சட்டவிரோதமான காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. இதன் அர்த்தம் மாப்பிள்ளைக்கு என்ன? கடைக்காரர் பணம் வாங்கிக்கொண்டு கேம் ஏற்றித் தராமல் ஏமாற்றியிருந்தால்கூட, 'எனக்குத் திருட்டுக் காப்பி சரியாகப் போட்டுத் தரவில்லை' என்று கோர்ட்டில் போய் நிற்க முடியாது. கடைக்காரருக்கும் அதேதான். கேம் ஏற்றித் தந்த கூலி பாக்கியென்று வழக்குப் போட முடியாது.

சரி, போலீஸ்? கம்பு ஓங்கினால் யார் மேல் விழும் என்று பார்க்க வேண்டும் இல்லையா? கடைக்காரர் மேல் நிச்சயம் விழும். காப்பிரைட் சட்டம் 63-வது பிரிவு. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம். அபராதம் ஐம்பதாயிரத்தில் ஆரம்பித்து இரண்டு லட்சம் வரை. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் இதைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று. சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்தில் ஒருவர் வந்தால் போதும், கடையில் இருக்கிற அத்தனை காப்பியையும் அள்ளிக்கொண்டு போகலாம்.

ஆனால் 63-பி என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அது வாங்கியவருக்கானது. திருட்டுக் காப்பி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் உபயோகித்தால் ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை. 'எங்ககிட்ட இருக்கறது கம்ப்யூட்டர் இல்லையே, கேம் பெட்டிதானே' என்று தப்பிக்கவும் வழியில்லை. தகவலை அலசுகிற எந்த எலெக்ட்ரானிக் சாதனமும் கம்ப்யூட்டர்தான் என்று சட்டமே விளக்கம் வைத்திருக்கிறது. வியாபாரத்துக்காக இல்லாமல் வீட்டில் விளையாடியவருக்கு ஜெயில் வேண்டாம் என்று நீதிபதி முடிவு செய்யலாம். அப்போதும் ஐம்பதாயிரம் வரை அபராதம் போட இடம் உண்டு.

'தெரிந்தே' என்கிற அந்த ஒரு வார்த்தைதான் முக்கியம். புது கேம் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் விற்கிறது. இருபத்தெட்டு கேம் 'ஃப்ரீ' என்று ஒருவர் தருகிறார். மண்டியில் கணக்கு எழுதுகிற மனுஷர், எனக்குத் தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வார்? இதைச் சொன்னதும் மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திண்டிவனம் மேம்பாலம் வரும்வரை திரும்பவில்லை.

கடைக்காரருக்கு இருபத்தாறு வயசு இருக்கும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர். நான் வில்லனை எதிர்பார்த்துப் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"சார், நான் படம் ஏத்தறதே இல்ல. படம் ஏத்தினா குண்டாஸ். கேம் மட்டும்தான் பண்றேன்."

பாருங்கள், ஒரு சட்டம் ஊருக்குள் எந்த உருவத்தில் வந்து சேர்கிறது என்று. தமிழ்நாட்டு குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-ல் 'வீடியோ பைரட்' என்பதைச் சேர்த்தார்கள். திருட்டு விசிடி சினிமாவைத் தின்றுகொண்டிருந்த காலம். அந்த விளக்கம் பேசுவது திரைப்படத்தையும் அதன் பாட்டையும்தான். அந்த அளவில் தம்பி சொன்னது சரி. ஆனால் குண்டாஸில் பெயர் இல்லாததால் கேம் காப்பி நல்ல காரியம் ஆகிவிடாது. 63-வது பிரிவு அவர் காதுக்கு வந்து சேரவே இல்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் சோனி நிறுவனம் வழக்குப் போட்டு, கேம் பெட்டியின் பூட்டை உடைத்து விற்பவர்களுக்கு 2012-ல் இடைக்காலத் தடை வாங்கியதும் வரவில்லை.

அதே 2012-ல் காப்பிரைட் சட்டத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. காப்பிரைட்டை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, கூடவே அபராதம். நோக்கம் நியாயமானது என்றால் உடைக்கலாம். ஆனால் இன்னொருவருக்காக உடைத்துக் கொடுப்பவர் ஒரு ரிஜிஸ்டர் வைத்திருக்க வேண்டும். யாருக்கு உடைத்தோம், அவர் பெயர் என்ன, விலாசம் என்ன, எதற்காக உடைத்தோம். நிஜமாகவே சட்டத்தில் இருக்கிறது. தம்பியிடம் கேட்டேன், அப்படி நோட்டு உண்டா என்று. உண்டு என்றார்! எடுத்துக் காட்டினார். பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் இருந்தது. எதற்கு என்கிற இடத்தில் 'பாக்கி 300', 'பாக்கி 750' என்று எழுதியிருந்தது.

இப்போது பஞ்சாயத்து. நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். பதினோராயிரத்தைப் பிரிக்கச் சொன்னேன். பெட்டி ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது, ஏழாயிரம். ஹார்ட்டிஸ்க் ஆயிரத்து ஐந்நூறு. மீதி இரண்டாயிரத்து ஐந்நூறு.

"இது எதுக்கு தம்பி?"

"கேமுக்கு ஒரு பைசா வாங்கல சார். அது என் வேலைக்கு."

எவ்வளவு அழகான பதில் பாருங்கள். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறார். ஆனால் எந்த வேலை? பூட்டை உடைத்ததும் காப்பி எடுத்ததும்தானே? பெட்டியை விற்றது சட்டப்படி சுத்தமான வியாபாரம். செகண்ட் ஹேண்ட் பெட்டியை யாரும் யாருக்கும் விற்கலாம். ஹார்ட்டிஸ்க்கும் அப்படியே. கணக்கில் ஒட்டாமல் நிற்பது அந்த இரண்டாயிரத்து ஐந்நூறுதான்.

"திரும்பவும் ஜெயில்பிரேக் பண்ணித் தர்றேன், ஐந்நூறு மட்டும் குடுங்க" என்றார். மாப்பிள்ளை எழுந்தே விட்டார். உட்கார வைத்தேன். தம்பியின் அலமாரியில் ஒரிஜினல் டிஸ்க்குகள் பழசு நிறைய இருந்தன, பெட்டியோடு, அட்டையோடு. அவற்றை விற்கத் தடையில்லை. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் பிரதியை அடுத்தவருக்கு விற்பது புத்தகத்தை மூர்மார்க்கெட்டில் போடுவது மாதிரி. 1994 முதல் 1999 வரை புரோகிராம் விஷயத்தில் சட்டம் இதற்குக் குறுக்கே நின்றது. 1999 திருத்தத்தில் அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். 2021-ல் ஒரு வருமான வரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. வாடகைக்கு விடுவது மட்டும் வேறு. அது கம்பெனியின் உரிமை.

ஆக, ஐந்து பழைய ஒரிஜினல் டிஸ்க், ஆயிரம் ரூபாய் ரொக்கம். ஹார்ட்டிஸ்க்கைக் காலி செய்து கொடுத்தார். இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை. நல்ல பஞ்சாயத்துக்கு அதுதான் அடையாளம் என்பார்கள்.

இந்தப் பையனைப் பிடித்து ஆறு மாதம் உள்ளே போடுவதில் எனக்கு உற்சாகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சம் ஆறு மாதம் என்று ஆயிரக்கணக்கில் காப்பி அடிக்கிறவனுக்கும் திண்டிவனத்துக் கடைக்கும் ஒரே அளவுகோல் வைத்திருப்பது சரியில்லை. டாலர் கணக்கில் யோசித்து ஐயாயிரம் விலை வைக்கிற கம்பெனிகளும் கொஞ்சம் நம் மண்டிக் கணக்கைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கடையை விட்டு இறங்கும்போது தம்பி ஒன்று சொன்னார் பாருங்கள், அதில் என் அனுதாபம் பாதியாகிவிட்டது.

"அண்ணே, உங்க பையன் விழுப்புரம் கிரிக்கெட்னு ஒண்ணு பண்ணி வெச்சிருக்கான். காமிச்சான். அதக் குடுக்கச் சொல்லுங்க. டிஸ்க்கு அம்பது ரூபா போட்டு வித்துடலாம். வேணும்னா ஃப்ரீயா ரெண்டு கேம் ஏத்தித் தர்றேன்."

எனக்கும் அப்போதுதான் தெரியும். வீட்டுக்கு வந்து போடச் சொன்னேன். பழைய கிரிக்கெட் 07. மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முந்தின வருடம் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க், கீறல் விழுந்தாலும் ஓடுகிறது. அதில் எங்கள் ஆள் நாலு தெரு அணிகளை இறக்கியிருக்கிறான். சட்டை டிசைன் அவனே வரைந்தது. மைதானத்து விளம்பரப் பலகையில் தெருமுனைப் பரோட்டா கடையின் பெயர். அம்பயருக்கு என் முகம். நாலு மாத வேலை. அந்த நாலு மாதத்துக்குத்தான் இரண்டு கேம் விலை.

"இது தப்பா மாமா?" என்றான்.

வீட்டில் வைத்து விளையாடும்வரை தப்பே இல்லை. முறைப்படி வாங்கிய பிரதியை வியாபார நோக்கமில்லாமல் சொந்த உபயோகத்துக்கு மாற்றியமைத்துக்கொள்ளலாம் என்று 52-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வெளிநாட்டுக் கோர்ட்டுகளும் விளையாடுகிறவரிடம் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கின்றன. கேம் ஓடும்போது உயிரைக் கூட்டித் தருகிற ஒரு கருவிக்கு எதிராக நின்டெண்டோ போட்ட வழக்கு, 1992-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டில் தோற்றது. 2024-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் சோனி வழக்கில் அதே ரீதியில்தான் சொன்னது. விற்கும்போதுதான் முகம் மாறுகிறது. 2024 ஏப்ரலில் போக்கிமான் கேமின் சேமிப்பை மாற்றி விற்றதற்காக ஜப்பானில் ஒருவரைக் கைது செய்தார்கள். அவர் ஊர் பெயர் கொச்சி. நம் கொச்சி இல்லை, அங்கேயும் ஒன்று இருக்கிறது.

அவனுக்கு நான் சொன்னது இரண்டு கதை. ட்யூக் நியூகெம் என்ற கேமில், விளையாடுகிறவர்களே புது லெவல் கட்டிக்கொள்ள கம்பெனியே வசதி கொடுத்திருந்தது. ரசிகர்கள் கட்டிய முந்நூறு லெவல்களைத் திரட்டி ஒரு வியாபாரி சிடி போட்டு விற்றார். 1998-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட் கம்பெனியின் பக்கம் நின்றது. வியாபாரி விற்றது அந்தக் கதையின் அடுத்த பாகம் மாதிரி, அடுத்த பாகம் எழுதும் உரிமை முதல் பாகம் எழுதியவருக்கே என்றது. ராத்திரி உட்கார்ந்து முந்நூறு லெவல் கட்டினவர்கள் அந்த வழக்கில் ஒரு கட்சியே இல்லை.

இன்னொன்று, கவுன்டர்-ஸ்ட்ரைக். இரண்டு பேர் சேர்ந்து ஹாஃப்-லைஃப் என்ற கேமை மாற்றி 1999-ல் இலவசமாக விட்டார்கள். ஒரிஜினல் கேமுக்குச் சொந்தக்காரரான வால்வ் கம்பெனி வழக்குப் போடவில்லை. 2000-ல் அதை வாங்கிக்கொண்டு, செய்தவர்களையும் வேலைக்கு வைத்துக்கொண்டது. இன்றைக்கும் உலகம் பூராவும் விளையாடுகிறார்கள்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப அந்த அண்ணன்கிட்ட குடுக்க வேணாம். கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேக்கலாமா?"

"கேளு. கேக்கறதுக்குப் பர்மிஷன் தேவையில்ல."

அன்று ராத்திரியே உட்கார்ந்து இங்கிலீஷில் அடித்தான். விழுப்புரம் எங்கே இருக்கிறது என்று விளக்குவதற்கே ஒரு பாரா போயிற்று. ரயில்வே ஜங்ஷனை எல்லாம் எழுதினான். மாப்பிள்ளை பின்னாலேயே நின்று, ஒரிஜினல் டிஸ்க்தான் வைத்திருக்கிறோம் என்பதை இரண்டு இடத்தில் போடு என்றார். இது எழுதும்வரை பதில் வரவில்லை.

போன வாரம் போனபோது விளையாடிக் காட்டினான். கடைசி ஓவர், கீழ்த்தெருவுக்கு எட்டு ரன் வேண்டும். எல்.பி.டபிள்யூ. என் முகம் கையைத் தூக்கியது. "மாமா, நாட் அவுட்டுக்குப் போய் அவுட் குடுத்துட்டீங்களே" என்று எகிறுகிறான்.